அசதிக்காரர் பழக்கிய நாய்

அவர் வாயிலிருந்து நான் முதலில் கேட்ட சொல் "அசதியா இருக்கு" என்பதுதான். கண்டிக்குக் கிழக்கே தெல்தெனியப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போன புதிதில், வாடகைக்கு அறை தேடி அவர் வீட்டு கேற்றைத் தட்டினேன். வேலியோரம் குந்தியிருந்து முள்ளுக்கம்பி இழுத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே அதைச் சொன்னார். சரி, மனிதருக்கு விருப்பமில்லை என்று நான் திரும்பிப் போகப் பார்த்தேன். அதற்குள் எழுந்து வந்து என் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். அறையைக் காட்டினார். சன்னல் கொண்டி சரியில்லை என்று அப்போதே சுத்தியலை எடுத்து வந்து நின்றார். நான் அவசரமில்லை என்றேன். அவர் காதில் அது விழவில்லை.

பிறகுதான் எனக்குப் புரிந்தது, அது மறுப்பு அல்ல, ஒரு வேலையைத் தொடங்கும்போது அவர் சொல்லும் சொல் என்று. சிலர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தொடங்குவார்கள். அவர் சிலுவையும் போடுவார், அசதி என்றும் சொல்வார். பிறகு வேலை முடியும்வரை உட்காரமாட்டார்.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். சேமலாப நிதி கையில் வந்ததும், நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி சரிந்து கிடக்கும் ஒரு துண்டுக் காணியும் சின்ன வீடும் வாங்கினார். வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். பேசும்போது ஆளைப் பார்க்கமாட்டார், தூரத்தில் எதையோ பார்ப்பார், வளைவில் எதிரே வாகனம் வருகிறதா என்று பார்ப்பதைப் போல. நான் அவரை அங்கிள் என்றும், அவர் மனைவியை அன்ட்டி என்றும் கூப்பிட்டேன். அவர்கள் இருவருக்கும் நான் டீச்சர்.

தோட்டத்தில் ஒருமுறை மண் சரிந்து தொழிலாளர் லயத்து வீடுகளை மூடியதை அன்ட்டி எனக்குச் சொல்லியிருக்கிறார். அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இவருடைய லொறி மட்டும்தான் இருந்ததாம். மழையில் பகலும் இரவுமாக மேலும் கீழும் ஓட்டினாராம். ஒவ்வொரு தடவை லொறி வந்து நிற்கும்போதும் சன்னலால் தலையை நீட்டி, "அசதியா இருக்கு, கெதியா ஏத்துங்க" என்பாராம். அங்கே அழுதுகொண்டு நின்ற சனங்களுக்கு முதலில் கோபம் வந்ததாம். பிறகு, அந்த மனிதர் நிறுத்தப்போவதில்லை என்று தெரிந்துகொண்டார்களாம்.

காணியில் போஞ்சிக்காய் போடுவார். கொஞ்சம் கறிமிளகாய், கொஞ்சம் கத்தரி. ஆனால் மனது போஞ்சியில்தான். நான் அங்கே குடிபோன வருடம் அந்தப் போஞ்சியை முயல் தின்றது. முளை இரண்டு இலை விட்டதும், கத்தரிக்கோலால் வெட்டியதைப் போல் சரிவாக வெட்டிவிட்டுப் போகும். காலையில் போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாகக் குச்சிதான் நிற்கும். பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார். டின் கட்டித் தொங்கவிட்டார். மறுபடி விதை போட்டார். மறுபடி வெட்டியது.

மகன் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருந்தான். மாடி வீடு, நல்ல வேலை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு, ஏன்ப்பா இந்த வயதில் முயலோடு மல்லுக்கட்டுகிறீர்கள், இங்கே வந்துவிடுங்கள் என்பான். அன்ட்டிக்குப் போக விருப்பம். முழங்கால் வலி, பேரப்பிள்ளை ஆசை, சரிவில் ஏறி இறங்க முடியாத கஷ்டம். அங்கிள் போனைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அன்ட்டி அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "அசதியா இருக்கு, அப்புறம் பேசுவோம்" என்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேலை எதுவும் நடக்கவில்லை. கடைசியில் அன்ட்டி அழுது ஒரு வாக்கு வாங்கினார். அடுத்த போகமும் முயல் வாயில் போனால் வத்தளைக்குப் போவது.

அந்த வாரமே அவர் நாவலப்பிட்டிக்கு பஸ் ஏறினார். பழைய தோட்டத்துப் பங்களாவில் ஒரு டெரியர் நாய் குட்டி போட்டிருந்தது. சாயந்தரம் திரும்பி வரும்போது சேட்டுக்குள் வயிற்றோடு ஒரு குட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் டொபி மிட்டாய் நிறம். அதனால் அன்ட்டி அதற்கு டொபி என்று பேர் வைத்தார். பெட்டைக் குட்டி. இறக்கிவிட்டதும் நேரே போய் என் செருப்பைக் கடித்தது.

பக்கத்துக் காணிக்காரர் பார்க்க வந்தார். அவர் முஸ்லிம், எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். இரண்டு காணிக்கும் நடுவே வேலி பேருக்குத்தான் இருந்தது. மண்வெட்டி, மருந்து டாங்கி, நாற்று எல்லாம் அங்கேயும் இங்கேயுமாகப் போய்வரும். நானா குட்டியைத் தொடவில்லை, கொஞ்சம் தள்ளி நின்று ரசித்தார். முயல் பிடிக்கவா என்று கேட்டுவிட்டு, "உசிரோட கெடச்சா என்கிட்ட கொண்டு வாங்கோ அண்ணே. நாய் வாய் வெக்கப்படாது, அதுதான் ஒண்ணு. நான் அறுத்துத் தாரேன், ரெண்டு வூடும் திங்கலாம்" என்றார்.

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் இவர் அதை வேலையாக எடுத்துக்கொண்டார்.

டெரியர் என்பது கொல்லப் பிறந்த சாதி. எலியானாலும் கீரியானாலும் கழுத்தைப் பிடித்து ஓர் உதறு, முடிந்தது. அதைப் போய் முயலுக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழக்குவது நடக்கிற காரியமில்லை என்று மகனே வீடியோவில் சிரித்தான். அவருடைய திட்டம் இதுதான்: முயல் வேலியில் வழக்கமாக நுழையும் பொந்துகளில் நீர்த்தேக்கத்து மீன்காரர்களிடம் வாங்கிய பழைய வலையைக் கட்டுவது. விடியற்காலையில் மானாப்புல்லுக்குள் படுத்திருக்கும் முயலை டொபி மோப்பம் பிடித்துக் கிளப்பி வலைப்பக்கம் ஓட்டுவது. முயல் வலையில் சிக்கியதும் டொபி நின்றுவிட வேண்டும். அவர் வரும்வரை தொடக்கூடாது.

முதல் மாதங்களில் முயல் பேச்சே இல்லை. பேர் சொன்னால் வருவது, இரு என்றால் இருப்பது, கயிற்றை இழுக்காமல் நடப்பது. பிறகு எங்கிருந்தோ ஒரு முயல் தோல் கொண்டு வந்தார். பழைய காலுறைக்குள் தென்னந்தும்பை அடைத்து, தோலை மேலே தைத்து, கயிற்றில் கட்டிப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய் ஒளித்து வைப்பார். டொபி மூக்கைத் தரையில் வைத்துத் தேடும். கண்டுபிடித்தால் கருவாட்டுத் துண்டு ஒன்று. அதோடு விளையாடவோ இழுக்கவோ விடமாட்டார். யாராவது குட்டியோடு துணியைப் பிடித்து இழுத்து விளையாடினால் முகம் மாறிவிடும். நான்தான் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். துணியை வாங்கிக் கொடியில் போட்டார்.

வலைக்கு முன்னால் நிற்கப் பழக்க அன்ட்டியின் சிவப்புக் கோழியைப் பிடித்தார். கோழியை வலையில் சுற்றித் தரையில் வைத்துவிட்டு டொபியை விடுவார். டொபி பாயும். அவர் கத்தமாட்டார், அடிக்கமாட்டார். நடந்து போய் அதைத் தூக்கி, தொடங்கிய இடத்துக்கே கொண்டு வந்து விட்டு, "நில்லு" என்பார். மறுபடி பாயும். மறுபடி தூக்குவார். வெயில் ஏறும்வரை இது நடக்கும். நான் பள்ளிக்கூடம் போகும்போது தூக்கிக்கொண்டிருப்பார், சனிக்கிழமை நான் துணி துவைத்து முடிக்கும்போதும் தூக்கிக்கொண்டிருப்பார். நாளடைவில் கோழிக்கே பழகிவிட்டது, வலைக்குள் கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தது.

அடிக்காமல் இது திருந்துமா என்று ஒருநாள் கேட்டேன். "அது நாயோட குத்தம் இல்ல டீச்சர். நான் இன்னும் சரியாச் சொல்லல்ல" என்றார். சொல்லிவிட்டு மறுபடி நடந்து போனார்.

இதையெல்லாம் அன்ட்டி குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, முழங்காலுக்கு எண்ணெய் தடவியபடி பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் தாழ்ந்த குரலில், "நாய்க்கு ஒரு சொல்ல நூறு தரம் சொல்றாரு டீச்சர். எனக்கு ஒரு தரம் பதில் சொல்ல அவருக்கு அசதி" என்றார். அதில் பகிடி இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இருக்கவில்லை.

டொபி நின்றது. எந்த நாள் என்று சொல்லத் தெரியாது, ஒரு காலையில் அது பாய்ந்து போய் வலைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. உடம்பு முழுக்க நடுங்கியது, எச்சில் ஒழுகியது, ஆனால் நின்றது. நான் கைதட்டினேன். அவர் ஒரு சொல் நல்லதாகச் சொல்லவில்லை. கோழியை வலையிலிருந்து எடுத்து விட்டுவிட்டு, நாளைக்கும் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

போஞ்சி விதை போட்டு முளை வந்த சமயத்தில்தான் அது நடந்தது. மாலையில் டொபியைக் கொஞ்சம் ஓடவிட்டு விசிலடித்துக் கூப்பிடுவது வழக்கம். அன்று விசிலடித்தார், வரவில்லை. நாங்கள் டோர்ச் எடுத்துக்கொண்டு இறங்கினோம். அவர் எல்லா இடத்திலும் நின்று நின்று காது கொடுத்தார். கூப்பிட்டும் வராமல் விளையாட்டுக் காட்டுகிற நாய் இல்லை அது என்று மட்டும் சொன்னார். விடியும்போது நானாவின் காணிக் கோடியில், கொய்யா மரத்தடியில் கிடைத்தது. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி பின்னங்கால் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அது குரைத்திருக்கவில்லை. அசையாமல் கிடந்ததால்தான் உயிரோடு இருக்கிறது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

த்ரீவீலில் பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மடியில், உடுத்திருந்த சாரத்தாலேயே சுற்றி வைத்திருந்தார்.  அந்தப் பின்னங்காலை எடுத்துவிட்டார்கள். டொபியை அங்கேயே விட்டுவிட்டு பின்நேரம் திரும்பி வந்தோம். இறங்கியதும் வீட்டுக்குள் போகாமல், சாரத்தில் இரத்தக் கறையோடு நேரே நானாவின் வீட்டுக்கு நடந்தார். ஏதாவது நடந்துவிடுமோ என்று பயந்து நானும் பின்னாலேயே போனேன்.

நானா வாசலில் நின்றுகொண்டிருந்தார். செய்தி அவருக்கு முன்பே போயிருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. கேட்கும் முன்பே சொல்லத் தொடங்கினார். "பண்டிக்கு வெச்சது அண்ணே. கீழ் ஊருப் பொடியனுகள் ரெண்டு பேர் வந்து கேட்டானுகள். பண்டி அவனுகளுக்கு, எனக்கு பயிர் மிஞ்சினாப் போதும்னு சரி சொன்னேன். ஒங்ககிட்ட சொல்லோணும்னு நெனச்சிக்கிட்டே ஈந்தேன்."

இவர் நானாவின் தலைக்கு மேலே, தூரத்தில் பார்த்தபடி கேட்டார். "இன்னும் எத்தன இருக்கு?"

"தெரியா அண்ணே."

"அசதியா இருக்கு. வாங்க, இருட்டுறதுக்குள்ள கழட்டிருவோம்."

அவர் முன்னால் நடந்தார். நானா குறடோடு பின்னால் போனார். இரண்டு பேரும் குனிந்து குனிந்து அந்தச் சரிவு முழுக்கத் தேடிச் சுருக்குகளைக் கழற்றினார்கள்.  கழற்றிய கம்பியையெல்லாம் நானாவின் வாசலில் போட்டுவிட்டு இவர் வீட்டுக்கு வந்து குளித்தார்.

அதற்குப் பிறகு நானா வேலிப்பக்கம் வரவில்லை. மண்வெட்டி இரவல் கேட்டு ஆள் வரவில்லை, இவரும் அனுப்பவில்லை. அங்கிளுக்கு இன்னும் கோபமா என்று நான் ஒருமுறை கேட்டேன். கோபப்படவும் அசதியாக இருக்கிறது என்றார். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்ட்டி அப்படி எடுக்கவில்லை. கோபம் என்றால் ஒருநாள் தீரும் டீச்சர், இது தீராது, எனக்குத் தெரியும் என்றார். அவர் பேசியது நானாவைப் பற்றி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

டொபி மூன்று காலோடு வந்தது. அன்ட்டி அதைப் பார்த்து அழுதார். அங்கிள், அசதி என்று சொல்லிக்கொண்டு கோழியைப் பிடிக்கப் போனார். மறுபடி ஆரம்பத்திலிருந்து. நடப்பது, இருப்பது, திரும்பும்போது விழாமல் திரும்புவது. சரிவில் மேலேறும்போது அது சமாளித்தது, இறங்கும்போது குப்புற விழுந்தது. விழுந்தால் தூக்கிவிடமாட்டார், எழும்பும்வரை பக்கத்தில் நிற்பார். அந்தப் போஞ்சியும் பாதி போய்விட்டது. வத்தளைக்குப் போகிற வாக்கை அன்ட்டி ஞாபகப்படுத்தவில்லை. அந்த நாயைப் பார்த்துக்கொண்டு கேட்க வாய் வரவில்லை என்றார்.

அடுத்த விதைப்புக்குப் பிறகு ஒரு விடியற்காலை, பனி இறங்கி நீர்த்தேக்கமே தெரியவில்லை. டொபி மானாப்புல்லுக்குள் மூன்று காலில் தத்தித் தத்திப் போவதைப் புல் அசைவதை வைத்துத்தான் அறிந்தோம். ஒரு குரைப்பு. பிறகு சாம்பல் நிறத்தில் ஒன்று பாய்ந்தது, வேலிப் பொந்தில் வலை குலுங்கியது. அவர் ஓடவில்லை, வழக்கமான நடையில்தான் போனார். நான் ஓடினேன். வலைக்குள் முயல் உதைத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி டொபி நின்றது. ஒற்றைப் பின்னங்கால் நடுக்கம் தாங்காமல் மடிந்து மடிந்து எழுந்தது. தொடவில்லை.

அவர் முயலைச் சாக்கில் போட்டார்.  பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு நானாவின் வீட்டுப் பக்கம் திரும்பினார். டொபி பின்னாலேயே போனது.

நானா கதவைத் திறந்தார். இவர் சாக்கை நீட்டினார். "உசிரோடதான் இருக்கு. டொபி தொடல்ல. கத்திய எடுங்க நானா."

நானா சாக்கைப் பார்க்கவில்லை, நாயின் காலைப் பார்த்தார். உள்ளே போனவர் கத்தியோடு வர வெகுநேரம் ஆனது. வரும்போது முகம் கழுவியிருந்தார். அன்று மத்தியானம் அவர்கள் வீட்டிலிருந்து கறி வந்தது. நிறைய மிளகு போட்ட கறி. அங்கிள் இரண்டு துண்டுதான் சாப்பிட்டார்.

முயல் குறைந்தது. ஆனால் காய் முற்றும் நேரத்தில் ஒரு பகல் முழுக்கக் குரங்குக் கூட்டம் இறங்கிப் போஞ்சியை மேய்ந்தது. குரங்குக்கு என்ன நாய், என்ன வலை. அதே மாதம் அன்ட்டி சரிவில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. மகன் வாகனத்தோடு வந்தான். இம்முறை அவர் அசதி என்று சொல்லவில்லை. காணியைப் பயிர் செய்யச் சொல்லி நானாவிடம் ஒப்படைத்தார். மாடி வீட்டில் நாய் வைக்கக்கூடாதாம், டொபியையும் நானாவிடம்தான் விட்டார். காணி காக்கிற நாயை வைத்திருக்கலாம், வீட்டுக்குள் விடமாட்டேன், தோட்டத்துக் குடிலில் நல்லபடி வைத்திருப்பேன் என்று நானா சொன்னார். புறப்படும்வரை தினமும் காலையில் போய், எந்தச் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நானாவுக்குப் பழக்கினார். வீட்டை நானும் இன்னொரு டீச்சருமாக வாடகைக்கு எடுத்துக்கொண்டோம்.

அவர்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். கண்டியில் ஏதோ அலுவல் என்று வந்த அங்கிள் சொல்லாமல் இங்கே வந்து இறங்கினார். காற்சட்டையும் காலில் சப்பாத்துமாக, மெலிந்து, யாரோ போல் இருந்தார். தேத்தண்ணி பிறகு குடிக்கிறேன் என்று நேரே வேலிப்பக்கம் போனார். நானா கறிமிளகாய்க்குப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். டொபி அவர் பக்கத்தில் படுத்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்தது. வால் மட்டுமல்ல, இடுப்பே ஆடியது. தொண்டைக்குள் முனகியது.

அவர் குனிந்து கையை நீட்டி, பேரைச் சொன்னார்.

டொபி வரவில்லை. திரும்பி நானாவின் முகத்தைப் பார்த்தது.

நானா பதறிப்போய், போ என்று சொல்ல வாயெடுத்தார். இவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த நாயை நேராகப் பார்த்தார். அது இவரைப் பார்க்கும், நானாவைப் பார்க்கும், நடுங்கும்.

"சரியாப் பழகியிருக்கு," என்றார். அந்த நாயைப் பற்றி அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான். "சொல்லுங்க நானா, இப்ப சொல்லுங்க."

நானா சொன்னார். டொபி வந்தது. அவர் அதன் தலையைத் தடவினார், வெட்டிய காலின் தழும்பைத் தொட்டுப் பார்த்தார், கொஞ்சம் கொழுத்துவிட்டது என்று நானாவிடம் குறை சொன்னார். பிறகு கண்டி பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அன்ட்டி போனில் கூப்பிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு குரல் நன்றாக இருந்தது. "என்ன டீச்சர், டொபி இவரக் கண்டதும் ஓடி வந்து நெஞ்சு மேல பாஞ்சிருச்சாமே. கீழ தள்ளிவிடப் பாத்துச்சாம். நேத்து வந்ததிலருந்து என்கிட்ட அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு. சோறு திங்கக்குள்ளயும் அதே பேச்சு."

பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அதற்கு மேலாக அவர் குரல், நான் கேட்டறியாத உற்சாகத்தோடு, சப்பாத்தைக்கூட நக்கியதைச் சொல்லு என்று சொன்னது.

ஆமா அன்ட்டி, என்றேன், நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.